ஐம்பதும் ஐந்தும்

நர்ஸ் சிபில்லா "இப்போ" என்றதும் ரோஸ்விதா படுக்கைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவள் கணவர் எக்கார்ட்டின் உடம்பு சுவர்ப் பக்கத்திலிருந்து மீன்தொட்டிப் பக்கமாகத் திரும்பியது. பாதி திறந்திருந்த கண்ணில் தொட்டியின் நீல வெளிச்சம் விழுந்தது. அந்தக் கண் எதையாவது பார்க்கிறதா என்று தெரியவில்லை.

"மூச்சுக்கு நடுவுல இடைவெளி விட ஆரம்பிச்சிடுச்சு பாருங்க," என்றாள் சிபில்லா. "இன்னிக்கு தாண்டறது கஷ்டம். சாயந்தரம் ஆறரைக்கு மறுபடி வர்றேன். முன்னாடியே ஏதாச்சும்னா போன் பண்ணுங்க."

"நாம பேசறது அவருக்குக் கேக்குமா?"

"காதுதான் கடைசியாப் போகும்னு சொல்வாங்க. ஏதாவது சொல்லணும்னா சொல்லிடுங்க. அப்புறம் வருத்தப்படறவங்கள நிறையப் பாத்துட்டேன்."

ரோஸ்விதா தலையாட்டினாள். நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் சொல்லாமல் மிச்சம் வைத்தது எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்தில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு அது. கூடத்துச் சுவர் முழுக்க எழுநூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி. பவளங்களும் மீன்களும் பத்தொன்பது வருடமாக அதில் இருந்தன. எக்கார்ட் கேட்டுக்கொண்டபடி கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். உட்கார்ந்தால் முழங்கால் கட்டிலில் இடிக்கும், முதுகு கண்ணாடியில் படும். ஐந்து வாரமாக ரோஸ்விதா அந்த இடத்தில்தான் இருந்தாள்.

அதற்கு முன்னால் மட்டும் என்ன, அப்போதும் அவளை நகரவிடாதது இந்தத் தொட்டிதான். மீன் தின்னும், கழியும். கழிந்தது மக்கி நைட்ரேட்டாகத் தண்ணீரில் சேரும். சேர்ந்துகொண்டே போனால் பவளம் பழுப்பேறிச் சாகும். அதனால் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, உப்புக் கலந்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எக்கார்ட்டுக்கு முதுகு வலி. குளியலறையிலிருந்து இருபது லிட்டர் கேன்களைச் சுமந்தது ரோஸ்விதாதான். நைட்ரேட் எவ்வளவு என்று சோதிப்பது மட்டும் அவருடைய வேலை. கண்ணாடிக் குழாயில் மருந்தைப் போட்டுக் குலுக்கி, ஜன்னலோரம் போய் நிற அட்டையோடு வைத்துப் பார்ப்பார். "உனக்கு நிறம் பிரிச்சுப் பாக்க வராது ரோஸி," என்பார். பிறகு ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணைப் பொறுத்துதான் கோடை விடுமுறை, தோழியின் அறுபதாவது பிறந்தநாள், எல்லாமே.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்திலிருந்து அவளுடைய தங்கை இர்மி போன் செய்தாள். "ஆபரேஷன்ல பெருசா பிரயோஜனமில்லையாம் ரோஸி. வந்து ரெண்டு வாரம் என்கூட இரேன்." ரோஸ்விதா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். எக்கார்ட் குழாயோடு ஜன்னலிலிருந்து திரும்பினார். "ஐம்பது. இந்த நேரத்துல நீ போனா எல்லாம் செத்துடும். பத்து நாள் பொறு, இறக்கிடலாம்." ஒன்பதாவது நாள் இர்மி போய்விட்டாள். ரோஸ்விதா அடக்கத்துக்கு மட்டும் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு டெட்லெஃப் வந்தார். எக்கார்ட்டின் மீன் சங்க நண்பர், ஓய்வுபெற்ற தபால்காரர். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, எக்கார்ட்டின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்ணியப் பாத்துடறேன். அவனுக்கு அதான் நிம்மதி. நீ உக்காரு."

குழாயைக் குலுக்கினார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். ஜன்னலுக்குப் போகாமல், அவள் பக்கத்திலேயே அட்டையைப் பிடித்தார். தண்ணீரில் ரோஜா நிறம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வெளுப்பு.

"அஞ்சு," என்றார். "எப்பவும்போல."

அட்டையில் ஐம்பது என்று போட்ட கட்டம் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. இந்த இரண்டையும் யார் குழப்பிக்கொள்வார்கள் என்று ரோஸ்விதா நினைத்தாள்.

"எப்பவும்போலன்னா?"

"பன்னெண்டு வருஷமா இவன் தண்ணி பத்தைத் தாண்டினதில்லையே! கீழ அலமாரில பாசி வளக்கறான் பாரு, நைட்ரேட்ட அதுவே தின்னுடும். எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல். இவ்வளவு தண்ணி மாத்தவே வேணாம், அவன்தான் கேக்க மாட்டான்."

"மூணு வருஷம் முன்னாடி மார்ச்ல ஏறிச்சே. ஐம்பது."

"மார்ச்சா?" டெட்லெஃப் சிரித்தார். "அந்த மார்ச்லதான சங்கத்துல பேசினான்! 'மூணு வாரம் தொட்டியத் தொடாம விட்டுட்டுப் போறது எப்படி'ன்னு. எல்லாரும் எழுதிக்கிட்டோம். நான்கூட அத நம்பித்தான் பொண்டாட்டியோட ஸ்பெயினுக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா ஒரு பவளம்கூட…"

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குழாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் மூச்சு ஒருமுறை இழுத்து, நின்று, மறுபடி வந்தது.

"உன் தங்கச்சி அடக்கத்துக்குப் போனியே," என்றார் டெட்லெஃப் மெதுவாக, "அன்னிக்கு ராத்திரி எனக்கு நாலு தடவ போன் பண்ணான். மீனப் பத்தின்னு நெனச்சேன். முட்டை எத்தன நிமிஷம் வேகணும்னு கேட்டான். அப்புறம் உன் வண்டி எத்தன மணிக்கு வருதுன்னு கேட்டான். உனக்குத் தெரியாதா அதுன்னு கேட்டேன். தெரியும், சும்மா கேட்டேன்னான்."

ரோஸ்விதா அவர் கையிலிருந்த குழாயை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா ரோஸி?"

"இல்ல. காபி போடட்டுமா?"

"வேணாம்," என்றார். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் கட்டிலில் இடித்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். எக்கார்ட்டின் உதடு காய்ந்திருந்தது. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவினாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் செய்யப் பழகிய கை, இன்றும் தவறாமல் செய்தது. அதைப் பார்க்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்தத் தோள் எலும்பாகத்தான் இருந்தது, பிடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. காலையிலேயே டெட்லெஃப் வந்திருந்தால்? போன வாரம் வந்திருந்தால்? போன வாரம் இவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு வேண்டும் என்று கேட்டார், உரித்துக் கொடுத்தாள்.

ஐந்தரைக்கு மூச்சின் இடைவெளி நீண்டது. ரோஸ்விதா குனிந்தாள். அவர் காதுமடலில் அவளுடைய வாய் கிட்டத்தட்டப் பட்டது.

"எக்கார்ட். டெட்லெஃப் தண்ணியப் பாத்தான்."

காத்திருந்தாள்.

"அஞ்சு," என்றாள்.

இமை அசைந்த மாதிரி இருந்தது. தொட்டியில் ஏதோ மீன் திரும்பியதால் வெளிச்சம் அசைந்ததாகவும் இருக்கலாம். அவள் நிமிரவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை வைத்துக்கொண்டே அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஒன்று வந்தது. அதற்கடுத்தது வரவில்லை.

சிபில்லாவுக்குப் போன் செய்தாள்.

"மணி குறிச்சிக்கிட்டீங்களா?"

"அஞ்சு முப்பத்தெட்டு."

"நான் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன். நாப்பது நிமிஷமாகும். வீட்லயே இருங்க, கதவத் திறக்கணுமில்ல. கூட யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் ரோஸ்விதா.

எக்கார்ட்டின் கண்ணை மூடினாள். போர்வையைச் சரிசெய்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் நவம்பர் தூறல். இரண்டாவது மாடிக்காரி கடைப் பையோடு எதிரே வந்தாள்.

"வெளிய கிளம்பிட்டீங்களா? நல்லது, கொஞ்சம் காத்து பட்டாத்தான் தெம்பு. எப்படி இருக்காரு?"

"தூங்கறாரு."

தெருமுனை நிறுத்தத்தில் டிராம் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே நான்கைந்து பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் பெண் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏறலையாம்மா?"

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றாங்க. கதவத் திறக்கணும்."

ஓட்டுநர் இன்னும் ஒரு கணம் காத்திருந்தாள். கதவுகள் மூடிக்கொண்டன. வெளிச்சமான ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. அடுத்த வண்டி பதினோரு நிமிடம் என்று பலகை காட்டியது. ரோஸ்விதா நிறுத்தத்து இருக்கையில் தேங்கியிருந்த ஈரத்தைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.