சின்ன வட்டத்து நாத்தனார்

மோகனாவின் தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட்ட கை தொலைக்காட்சிக்குள்ளிருந்து வந்தது. தீவிலிருந்த கெலுகோரில் அந்த வாரம் மல்லிகைப் பூ வரத்து இல்லை, கோழி விலை ஏறியிருந்தது, பல்கலைக்கழக மாணவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மோகனா பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள். நாற்பதைத் தாண்டி, கல்யாணப் பேச்சை வீட்டாரும் மறந்து அவளும் மறந்த பிறகு, பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து லோரியில் சாமான் இறக்க வந்த அர்ஜுனன் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்றான். குறை சொன்னவன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் சாமான் இல்லாமலே வந்தான். உப்பு பேசி, ஊர் பேசி, பேச்சு நிச்சயதார்த்தம் வரைக்கும் போனது. தாலி செய்து பிறையில் அவனுடைய அத்தையின் அலமாரியில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெருந்தொற்று வந்தது. முதல் முகூர்த்தம் ஒரு மாலை ஊரடங்கு அறிவிப்பில் போயிற்று. இரண்டாவது முகூர்த்தம் இன்னொரு மாலை அறிவிப்பில் போயிற்று.

அந்த அறிவிப்புகளைத் தொலைக்காட்சியில் வாசிக்கும் நேரத்தில் அடுக்குமாடி முழுக்கச் சட்டி பானைச் சத்தம் நின்றுவிடும். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, மோகனா மட்டும் பதில் பேசுவாள். வீட்டிலேயே இருங்கள் என்று அதிகாரி சொன்னால், "யாரு வீட்ல? என் வீட்லயா, அவரு வீட்லயா? அத மொதல்ல சொல்லுங்க" என்பாள்.

"நீ கத்துறது அவருக்குக் கேக்காதுலா. எதிர் புளோக்குக்குத்தான் கேக்குது" என்று அண்ணி லெட்சுமி அலுத்துக்கொண்டாள். அண்ணிக்கு மாலையில் கண்ணயர வேண்டும். அதனால் மோகனா ஒலியை அடைத்துவிட்டு, திரையின் மூலையில் இருந்த சின்ன வட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள். வட்டத்துக்குள் முக்காடு போட்ட ஒரு பெண் அறிவிப்பைக் கைமொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து மோகனாவுக்கும் கை பழகியது. கைமொழியில் திட்டினால் யார் தூக்கமும் கெடாது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நாள் அதிகாரி காகிதம் புரட்டிய இடைவெளியில், வட்டத்துப் பெண் இந்தப் பக்கம் திரும்பி, சாப்பிட்டாச்சா என்று கையால் கேட்டாள். ரசமும் அப்பளமும் என்றாள் மோகனா. அதற்குப் பிறகு காகிதம் புரளும்போதெல்லாம் இருவரும் பேசிக்கொண்டார்கள். அவள் பெயர் ஐனா. மூட்டுவலிக்கு என்ன தைலம் நல்லது என்பது முதல், பிறையில் பூட்டிக் கிடக்கும் தாலி வரை ஐனாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

மூன்றாவது முகூர்த்தம் குறித்தபோது அத்தை அர்ஜுனனை உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னாள். "ரெண்டு தடவ நின்னு போச்சு. இதுவும் நின்னா சாமி வேணாங்குதுன்னு அர்த்தம். தாலிய உருக்கிடுவேன். ஒனக்குக் கூடப் பொறந்தவளும் இல்ல, ஈப்போ பெரியப்பா மகளுக்கு இங்க வர பெர்மிட்டும் இல்ல. நாத்தனார் முடிச்ச யாருடா போடுறது, ரோட்பிளாக் போலீசா?" அவர்கள் குடும்பத்தில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மூன்றாவதை அவருடைய சகோதரிதான் போடவேண்டும். அத்தை சொன்னால் சொன்னதுதான். இதைக் கேள்விப்பட்ட மோகனாவுக்கு ரசம்கூட இறங்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின மாலை அறிவிப்பில், பாலம் கடக்க அர்ஜுனன் வாங்கியிருந்த பெர்மிட்டும் செல்லாமல் போனது. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அத்தையோடு பாலம் வரைக்கும் வந்தான். போலீஸ்காரர் நல்ல மனிதர்; மனமார வாழ்த்திவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

"மோகனா, விடல. அத்த ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. தாலிய மட்டும் கையில இறுக்கி வச்சிருக்கு" என்றான் போனில்.

"நீங்க வீட்டுக்குப் போயி டிவிய போடுங்க" என்றாள் மோகனா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

தொலைக்காட்சியில் அன்று காலை இணையவழி நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கட்டத்தில் தெரிந்தார்கள். இணைப்பு கிடைக்காத இரண்டு பேரின் கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் கறுப்பாகக் கிடந்தன. பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, மோகனா நடந்ததை எல்லாம் கையாலேயே சொல்லி அழுதாள். அமைச்சர் பேச்சை அரை வாக்கியத்தில் விட்டுவிட்டு ஐனா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, மோகனாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி முதல் கறுப்புக் கட்டத்தில் உட்காரவைத்தாள். அடுத்த கட்டத்தில் அர்ஜுனனும், அவனை விடாமல் பிடித்திருந்த அத்தையும் வந்து சேர்ந்தார்கள். கெலுகோருக்கும் பிறைக்கும் நடுவில் இருந்த கடலும் பாலமும் ரோட்பிளாக்கும் சேர்ந்து விரல் அகலக் கறுப்புக் கோடாகிவிட்டன.

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கல்யாணம் எந்த விதியின் கீழ் வருகிறது என்று எதிர்க்கட்சி கேட்டது. வரக்கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்று ஆளும் கட்சி கேட்டது. ஒரு மீட்டர் இடைவெளி என்ன ஆவது என்றார் ஒருவர். சுகாதார அதிகாரியை அழைத்தார்கள். இருவருக்கும் நடுவே கோடு இருப்பதால் இது நெருங்கிய தொடர்பு ஆகாது என்று அவர் விளக்கினார். அதன்மேலும் ஆறேழு பேர் பேச எழுந்தார்கள்.

"நல்ல நேரம் போகுதுய்யா. ஒங்க சண்டய அப்புறமா வச்சுக்கங்க" என்றாள் அத்தை. தாலியை உருக்குவேன் என்றவளே இப்படிச் சொன்னதும் மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சபையில் சண்டை நின்றது. ஐனா அதை எல்லாருக்கும் புரியும்படி கையால் இன்னொரு தடவை சொன்னாள். சபாநாயகர் வாக்குக்கு விட, அந்த ஆண்டு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் ஒரே குரலில் சம்மதம் என்றன.

அர்ஜுனன் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டித் தாலி கட்டினான். கெடா மாநிலத்திலிருந்தும் சபா மாநிலத்திலிருந்தும் உறுப்பினர்கள் வீட்டு அரிசியை அள்ளி வீசினார்கள். கட்டத்துக்குக் கட்டம் தாவி அது மோகனாவின் தலையில் விழுந்தது. அரிசி இல்லாத ஒருவர் கச்சான் கடலை வீசினார். இரண்டு முடிச்சு விழுந்தது. அர்ஜுனன் கை அப்படியே நின்றுவிட, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது மூலை வட்டத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்தன. ஜொகூர் உறுப்பினர் தலையைத் தாழ்த்தி வழிவிட்டார். ஐனா மூன்றாவது முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அத்தை வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு, "நாத்தனாருக்குக் கைதானே முக்கியம். இவளுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். மோகனா அழுதுகொண்டே சிரித்தாள், நாடாளுமன்றமும் சிரித்தது.

கூட்டத்தை ஒத்திவைத்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக மூடின. முடிச்சைப் பார்க்க எட்டிக் குனிந்திருந்த அர்ஜுனன் மோகனாவோடு சேர்ந்து கெலுகோர் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தான். அவனுடைய இடது செருப்பு பிறையில் அத்தையிடம் நின்றுவிட்டது. பாலத்தைக் கடக்காததால் யாரும் அபராதம் போடவில்லை. கூடவே வந்துவிட்ட கறுப்புக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணி கூடத்தின் குறுக்கே கட்டித் துணி காயப்போட்டாள். இன்றைக்கும் நல்ல உறுதியாகத்தான் இருக்கிறது. தரையில் கிடந்த அரிசியைப் பொறுக்கி, கச்சானோடு சேர்த்துப் புளிச்சாதம் கிளறினாள். கல்யாணச் சாப்பாடு அதுதான்.

பெருந்தொற்று போய், பாலம் திறந்து, மாணவர்களும் திரும்பிவிட்டார்கள். சிற்றுண்டிச்சாலையில் உப்பு இப்போது அர்ஜுனன் பொறுப்பு. தீபாவளிக்குத் தீபாவளி நாத்தனாருக்குச் சீர் செய்ய வேண்டுமல்லவா? செய்தி நேரத்தில் அவன் தாம்பாளத்தில் சேலையும் முறுக்கும் வைத்துத் தொலைக்காட்சி முன் நீட்டுவான். ஐனா வட்டத்திலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்வாள். கரையைத் தடவிப் பார்ப்பாள், ஒரு முறுக்கையும் கடிப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் செய்திக்குக் கைமொழி இருக்காது. காது கேளாதவர்கள் யாரும் இதுவரை புகார் செய்ததில்லை. அவள் அண்ணன் வீட்டுச் சீர் வாங்குகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.