ஆள் போன பிறகும் ஓடும் கேமரா

வெள்ளிக்கிழமை என்றால் வளைகுடாவில் எங்கள் முசஃபா தொழிலாளர் கேம்பில் சண்டைப் படம்தான் ஓட வேண்டும். அன்று என் ரூம்காரன் சோலைமுத்து கொண்டுவந்து போட்டதோ ஒரு ஜப்பான் படம். செய்கு முகம்மது பாயின் வீடியோ கடையில் யாரும் தொடாமல் கிடந்ததாம்.

அப்பாவும் மகளும் சாப்பிடுகிறார்கள், எழுந்து போகிறார்கள். ஆள் போன பிறகும் கேமரா தரையில் உட்கார்ந்து காலி அறையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படம் எடுத்தவன் தூங்கிட்டானாடா?" என்றேன். ரூமே சிரித்தது, சோலைமுத்துவைத் தவிர.

மறுநாள் பாயிடமே போய்க் கேட்டான்.

"படம் எடுத்தவரு கேமராவ ஏன் தரையிலயே வச்சிருக்காரு, பாய்?"

"யாருக்குத் தெரியும்? முப்பது வருஷத்துக்கு மேலா அவரு இப்படித்தான் எடுத்தாராம், அட்டையில போட்டிருக்கு. கடைசிப் படம் வரைக்கும் கேமரா எந்திரிக்கவே இல்லையாம்."

"நாமளும் தரையில உக்காந்துதான சாப்பிடுறோம். அதுவும் நம்மகூட உக்காந்திருக்கு போல" என்றான்.

அவன் மனைவி ராக்கம்மா அவனிடம் முகம்கொடுத்துப் பேசி மாதங்களாகிவிட்டன. யாருடைய காரிலோ சாய்ந்து நின்று இவன் எடுத்து அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து, புருஷன் சொகுசில் வீட்டை மறந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டாள். இவன் போன் செய்தால் ஒரு 'ம்', உடனே பிள்ளை கையில் கொடுத்துவிடுவாள். லீவில் ஊருக்குப் போகும் எங்கள் கேம்ப் ஜெயசீலனிடம் ஒரு வீடியோ கொடுத்துவிட்டால் மனம் மாறுவாள் என்று நம்பினான். கார்னிஷ் கடற்கரைச் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் அவனை நிறுத்தி எடுக்கலாம் என்று நான் வண்டியோடு தயாராக இருந்தேன்.

அவனோ பாயின் கேமராவை இரவல் வாங்கி எங்கள் ரூம் தரையில் வைத்தான். சாப்பிட்டோம், கை கழுவப் போனோம். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அணைடா, டேப் வீணாப்போகுது" என்றேன்.

"இருக்கட்டும்ணே."

அதைப் பாய் சிடியில் ஏற்றிக் கொடுக்க, ஜெயசீலன் கொண்டுபோனான். அடுத்த வெள்ளிக்கிழமை சோலைமுத்து பயந்துகொண்டே போன் போட்டான், துணைக்கு என்னையும் உட்காரவைத்து ஸ்பீக்கரில். ராக்கம்மா 'ம்' சொல்லவில்லை.

"நீங்கள்லாம் போனப்புறம் மூலையில ஒரு கட்டில் தெரிஞ்சுச்சே. கால்மாட்டுல பெயிண்ட் டப்பா வச்சு, பலகை போட்டு. அது உங்க கட்டிலா?"

ஆறடி ஆள், காலை மடக்கிக்கொண்டு சொன்னான். "ஆமா."

"கால் நீட்ட எடம் இல்லன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பிள்ளையிடம் போனைக் கொடுக்கவில்லை. இருவரும் பேசவுமில்லை, வைக்கவுமில்லை. போன் கார்டு தீர்ந்துகொண்டிருந்தது. அணைடா என்று இந்த முறை நான் சொல்லவில்லை.