கடைசி மூன்று எக்ஸ்

படுக்கையறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்ட வீடு அது. அண்ணி அங்கே தைத்த துணிப்பைகளில் ஐந்நூறைக் கடல் தாண்டி ஒரு கடைக்காரர் கேட்டிருந்தார். இன்று மதியத்துக்குள் வங்கி விவரம் வந்தால் முன்பணம், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராக எழுதிவிட்டார்.

பதில் அடிக்க அவள் கணவனின் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். வீட்டில் அவனுக்கு மேதாவி என்று பெயர். பட்டம் வாங்கிய ஒரே ஆள், கால் தரையில் பாவுவதில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர அண்ணி வங்கியில் எழுதி வாங்கிவந்த 'ஸ்விஃப்ட் கோடு' என்ற வங்கிக் குறியீட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"என்ன அண்ணி, பதினொரு எழுத்துல கடைசி மூணும் எக்ஸ்? நம்மள நிரப்பச் சொல்லி விட்டிருக்காங்க. நம்ம கிளை நம்பரைப் போட்டுடறேன்."

"கை வைக்காதே தம்பி."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது அண்ணி."

அவளுக்குச் சுருக்கென்றது. எட்டாவதோடு நின்ற படிப்பை இன்னும் எத்தனை முறைதான் குத்திக்காட்டுவார்கள்? நேற்று வங்கியில் கால் கடுக்க நின்று, அதிகாரியம்மாவை விடாப்பிடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவள் அவள்தானே!

"முதல் நாலு எழுத்து வங்கி. அடுத்த ரெண்டு நாடு. அதுக்கப்புறம் ரெண்டு ஊர். கடைசி மூணு கிளை. வெளிநாட்டுப் பணம் நம்ம கிளைக்கு நேரா வராது. தலைமை அலுவலகத்துக்கு வந்துதான் நம்ம கணக்குக்கு வரும். அந்த மூணு எக்ஸுக்கு அர்த்தமே தலைமை அலுவலகம்தான். நீ நம்பரைப் போட்டா, வந்த பணம் வந்த வழியே திரும்பிடும்."

மேதாவி சும்மா விடுவானா? வங்கிக்கே போன் போட்டான். "ஆமா... ஓ, அப்படியா..." என்று சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. போனை வைத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அவள் சொன்னபடியே தட்டினான். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது.

நாலாம் நாள் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். முன்பணம் வந்துவிட்டதாம். எதற்காக வந்த பணம் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். துணைக்கு வந்த மேதாவி முந்திக்கொண்டு பேனாவை எடுத்தான். 'தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் அவளைக் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதியவன் அவன்.

"இங்க என்ன போடட்டும் அண்ணி?"

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏற்றுமதின்னு போடு," என்றாள், வரிசையில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.