அண்ணன் பிடித்துத் தொங்கிய அறுபது சதவீதம்

சுன்னத் செய்துகொண்டால், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் அறுபது சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். இதைப் பற்றி மருத்துவ மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் மூன்றாம் வருடம் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட். முக்கால்வாசிப் பேர் ‘மக்களுக்குப் பரிந்துரைப்பேன்’ என்று டிக் அடித்தார்கள். ‘நீங்கள் செய்துகொள்வீர்களா?’ என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றது.

“வே சலாவுதீன், ஊருக்குத்தாம்வே உபதேசம்” என்றான் கூடப் படிக்கும் ஜெயசிங்.

எனக்கு ஆறு வயதிலேயே மாலை போட்டு, பிரியாணி ஆக்கி முடித்துவிட்டார்கள். அந்த மிதப்பில், லீவுக்குச் சங்கரன்கோவில் வந்தபோது அண்ணன் ஷேக் ஃபரீதிடம் அளந்துவிட்டேன். “நமக்கெல்லாம் கவலையே இல்லண்ணே.”

அண்ணன் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி ஐந்து மாதம். அடுத்த மாதம் ஜுவைரியாவோடு நிக்காஹ். அதற்கு முன் இரண்டு பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று அவளே கேட்டிருந்தாள்.

“எனக்கு எதுக்குல டெஸ்ட்? நீதான சொன்ன?” என்று அண்ணன் சிரித்தான்.

குறையும் என்பதை வரவே வராது என்று ஆக்கிவிட்டேனே, நானெல்லாம் ஒரு டாக்டரா?

“அறுபது சதவீதம் கொறையும், அவ்வளவுதாம்ணே. வராதுன்னு இல்ல. வந்துட்டா ஜுவைரியா மைனிக்கும் ஆபத்து.”

“அண்ணனையே சந்தேகப்படுதியால?”

இரண்டு நாள் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “தப்பாச் சொன்னவன் நான். முதல்ல நான் கை நீட்டுதேன், வாண்ணே” என்று பைக்கை எடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தோம். அண்ணன் என் கையைப் பிடித்தான்.

“ஏலே, அறுபதுன்னா நூறு இல்லன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? சவூதில ஒரு தப்பு நடந்துபோச்சு. பயத்துலதாம்ல வரமாட்டேன்னேன். நீ சொன்ன அறுபதத்தான் பிடிச்சுத் தொங்கிட்டுக் கெடந்தேன்.”

இவனைப் போய் விவரம் தெரியாதவன் என்று நினைத்தேனே. அவன் தோளில் சாய்ந்துகொண்டேன்.

ரிசல்ட் வந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

அதோடு விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் போனை எடுத்தான். “ஜுவைரியா, ரத்தத்துல ஒண்ணுமில்ல. ஆனா ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனான். ரொம்ப நேரம் குனிந்தபடியே பேசினான்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“என்னண்ணே சொன்னா?”

“ரொம்ப அழுதா” என்றான். “நாளைக்கு அவளும் டெஸ்ட் எடுக்க வாராளாம். என்னையத் தொணைக்கு வரச் சொல்லுதா.”