மாதம் முக்கால் கிலோ

வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது இரண்டேகால் கிலோ. அதனால் வந்த பெயர். பதினைந்து வயதில் வகுப்பிலேயே பெரிய உடம்பு அவளுக்குத்தான், பெயர் மட்டும் மாறவில்லை. "பேரு குட்டி, ஆளு கெட்டி!" என்று அத்தை வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பாள். குட்டியும் கூடவே சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் "என்னடி, கோவமா?" என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நாளுக்கு ஒரு ஆப்பிள், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டைப் பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கொடுத்தாள். இரவில் "வயிறு நிறைஞ்சிருக்கும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். டப்பா காலியாகத் திரும்பி வருவதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம். வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில், மேல் தட்டிலிருந்த அகராதியை எடுக்கக் கையைத் தூக்கியவள் அகராதியோடு சேர்ந்து கீழே வந்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாலு நாளா என்ன சாப்பிட்டே?"

"ஆப்பிள்."

"நாலு நாளுமேவா?"

"நாலு ஆப்பிள்."

அம்மா செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். தகவல் வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். ஷூ மாட்டிவிடும் தகட்டுக் கரண்டி இன்னும் கையில் இருந்தது. "டப்பா காலியாத்தானே வந்துச்சு, குட்டி..." என்றாள்.

நர்ஸ் திட்டவில்லை. "நீ இன்னும் வளர்ற பொண்ணு. பட்டினி போட்டா கொழுப்பு மட்டும் போகாது, தெம்பும் சேர்ந்து போகும். அப்புறம் பசி ரெண்டு மடங்காத் திரும்பி வரும்" என்றார். காலைச் சாப்பாட்டை விடக்கூடாது. தட்டில் பாதி காய்கறி. தாகத்துக்குத் தண்ணீர்தான், பாட்டிலில் வரும் இனிப்பு பானம் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். நடக்கலாம், ஆடலாம், மாடிப்படி ஏறலாம். நன்றாகத் தூங்க வேண்டும். எடை பார்ப்பது மாதம் ஒரு தடவை, இதே அறையில். வீட்டில் எடை மெஷினே கூடாது.

"மாசம் எவ்வளவு குறையணும்?" என்று கேட்டாள் குட்டி.

"முக்கால் கிலோ போதும். குறையாம அப்படியே நின்னாலும் நான் எதுவும் சொல்லமாட்டேன். நீ உயரம் ஏறிட்டிருக்கே."

குட்டி மனக்கணக்குப் போட்டாள். முகம் தொங்கிப் போயிற்று. "அப்போ ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமே!"

"ஆகட்டுமே. வருஷம் எப்படியும் போகத்தானே போகுது?" என்ற நர்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்லிடறேன். இவளுக்குத் தனிச் சமையல் கிடையாது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

"இவங்க அப்பாவுக்குமா?" என்றாள் அம்மா, கவலையோடு.

கவலைக்குக் காரணம் இருந்தது. அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். அவர் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் நுழையாது. அன்று இரவு தட்டில் வந்து விழுந்த கீரையைப் பார்த்துவிட்டு, "யாருக்கோ ஆடு வளர்க்கிற மாதிரி இருக்கே இந்த வீட்டுல" என்றார். சாப்பாடு முடிந்ததும் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். பிஸ்கட் நொறுங்கும் சத்தம் குட்டியின் அறை வரை கேட்டது. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். பள்ளியிலிருந்து பெரும்பாலும் அப்பாவின் பதினாலாம் நம்பர் பஸ்ஸில்தான் திரும்புவாள். வீட்டு வாசலிலேயே நிறுத்தம். இப்போது இரண்டு நிறுத்தம் முன்னால், சந்தையில் இறங்கி நடந்தாள். அம்மா கடையில் காட்சிக்கு வைத்து வெயிலில் நிறம் போன ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடது கால் நீலம், வலது கால் வெளுத்த நீலம். முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. சந்தை முனையில் எண்ணெயில் பொரியும் வாசனைக்கு வாய் ஊறும். அங்கே மட்டும் எட்டி நடை போடுவாள். மூன்றாவது வாரம் நாலு மாடி ஏறி வந்து, கதவைத் திறந்த அம்மாவிடம் மூச்சு வாங்காமல் "பசிக்குது" என்று சொல்ல முடிந்தது. முதல் மாதம் தொள்ளாயிரம் கிராம் குறைந்திருந்தது.

இரண்டாவது மாதத்தில் அப்பாவுக்கு இடி இறங்கியது. டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம் அதிகம், சர்க்கரை எல்லையில், எடை எல்லையைத் தாண்டி. ஆறு மாதத்தில் சரியாகவில்லை என்றால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அடுத்த நாள் அப்பா ஒரு பெரிய தகர டப்பாவோடு வந்தார். டிப்போவில் இன்னொரு ஓட்டுநர் கொடுத்த பவுடர். மூன்று வேளையும் அதையே தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும், சாப்பாடே வேண்டாமாம்.

"அப்பா, நர்ஸ் என்ன சொன்னாங்கன்னா..." என்று குட்டி ஆரம்பித்தாள்.

"உனக்கு ஒரு வருஷம் இருக்கு. எனக்கு ஆறு மாசம்தான்" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் அவர் ஆறு கிலோ இறங்கிவிட்டார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். அத்தை வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதுதாண்டி வைராக்கியம்! அண்ணனைப் பாரு. நீயும்தான் நடக்கறே, நடக்கறே..."

அந்த வாரம் நர்ஸின் அறையில் குட்டி எடை பார்த்தாள். நானூறு கிராம். நான்கு வாரம் நடந்து, நான்கு வாரம் நாக்கைக் கட்டி, நானூறு கிராம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்வது எறும்பின் கண்ணுக்குத் தெரியுமா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பவுடர் டப்பாவைத் திறந்தாள். வெனிலா வாசனை. கரண்டியில் எடுத்தும்விட்டாள். கை டம்ளர் வரை போயிற்று. நூலகத் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது போல இருந்தது. கண் விழித்தபோது தலைக்கு மேலே நின்ற ஆசிரியையின் பயந்த முகம் நினைவுக்கு வந்தது. கரண்டியிலிருந்ததைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள். மூடியை அழுத்தி மூடினாள். அப்புறம் இரண்டு முட்டையை வேக வைத்து, ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய் நடந்தாள்.

அடுத்த புதன்கிழமை மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். சந்தையில் இறங்குவதற்காகக் குட்டி முன்பக்கம் வந்தாள். ஓட்டுநருக்கு மேலே உள்ள கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. சன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருக்க, அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கியரைப் பிடித்த கை நடுங்கியது. நிறுத்தத்துக்கு நூறு அடி இருக்கும்போதே பஸ் ஓரம் கட்டி நின்றது. அப்பா கை பிரேக்கை இழுத்தார். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்னங்க, நடு வழியில நிறுத்திட்டாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வீட்டுக்குப் போக வேணாமா?" என்று இன்னொன்று.

குட்டிக்கு அந்த முகத்தைத் தெரியும். நூலகத்தில் அதை உள்ளிருந்து உணர்ந்திருக்கிறாள். இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறாள்.

"அப்பா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பவுடர்."

"மதியம்?"

அப்பா கையை விரித்தார். மதியம் அதையும் குடிக்கவில்லை என்று அர்த்தம். நடப்பதற்கு முன் சாப்பிட வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள். "மெதுவா மென்னு சாப்பிடுங்க." பிறகு திரும்பி நின்றாள். நாற்பது முகம். நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நிற்பதென்றால் அவளுக்குச் சாவுதான். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தால்கூடக் கையைத் தூக்கமாட்டாள்.

"ஓட்டுநருக்கு உடம்பு சரியில்ல" என்றாள். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிவிட்டு உரக்கச் சொன்னாள். "அதான் அவரே பத்திரமா ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. நான் டிப்போவுக்குப் போன் பண்றேன். தயவு செஞ்சு எல்லாரும் இறங்கி நிறுத்தத்துல நில்லுங்க, அடுத்த பஸ் வரும்."

முணுமுணுத்தபடி இறங்கினார்கள். இறங்கும்போது ஒரு வயதான பெண்மணி தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் அப்பாவின் ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் குட்டியைப் பார்த்தார். "உங்க வீட்டுல வரிசையா விழறதுன்னு முடிவா?" பவுடர் மட்டும் குடித்து, அதையும் ஒரு வேளை விட்டு, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் வேறென்ன ஆகும் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். ஆபத்து எதுவும் நேர்வதற்கு முன் அவரே நிறுத்தியதால் டிப்போவில் பெரிதாக்கவில்லை. இரண்டு வாரம் விடுப்பு.

மறுநாள் காலை அப்பா சாப்பாட்டு மேசையில் குட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசையைத் தடவினார்.

"நீ என்ன பண்றியோ, அதை எனக்கும் சொல்லு."

குட்டிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மூணு விஷயம்ப்பா. பவுடர் வீட்டுல இருக்கக்கூடாது. பிஸ்கட் டப்பாவும் இருக்கக்கூடாது. மூணாவது, என் உடம்பைப் பத்தி யாரும் பேசக்கூடாது. கிண்டலும் வேணாம், பாராட்டும் வேணாம்."

"முதல் ரெண்டும் சரி. மூணாவது... உங்க அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"உங்க தங்கச்சிதானே?"

"தங்கச்சிதான். அதான் பயமா இருக்கு."

பூனைக்கு மணி கட்டும் வேலை கடைசியில் குட்டியின் தலையிலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்ததும் வராததுமாக, "பேரு குட்டி..." என்று ஆரம்பித்தாள். அப்பா செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். குட்டி எழுந்து நின்றாள்.

"அத்தை, இனிமே அதைச் சொல்லாதீங்க. கூடினாலும் சொல்லாதீங்க, குறைஞ்சாலும் சொல்லாதீங்க. எப்படி இருக்கேன்னு கேளுங்க, பதில் சொல்றேன்."

"தமாஷுக்குச் சொன்னா..."

"எனக்குத் தமாஷா இல்லை அத்தை. எப்பவும் இருந்ததில்லை."

அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தாள், வாசலிலேயே நின்று, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி, "எப்படிடி இருக்கே?" என்றாள். "நல்லா இருக்கேன் அத்தை, உள்ள வாங்க" என்றாள் குட்டி.

அப்பாவோடு நடப்பது லேசான காரியமாக இல்லை. முதல் நாள் வழியில் இருந்த ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்த ரோட்டுல போறேன், இவ்வளவு மேடுன்னு தெரியாதே!" என்றார். போன எடையில் பாதி அவருக்குத் திரும்ப வந்தது. அந்த வாரம் பவுடர் கொடுத்த நண்பரைத் தேடிப் போவாரோ என்று குட்டி பயந்தாள். அவர் போகவில்லை. காலையில் சாப்பிட்டார், மதியத்துக்கு டப்பா எடுத்துப் போனார், டீயில் சர்க்கரையை மூன்று கரண்டியிலிருந்து இரண்டாக்கி, ஒன்றாக்கினார். ஆறாவது மாத முடிவில் டிப்போ டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சர்க்கரையும். எடை இன்னும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இறங்குமுகம். இன்னும் ஆறு மாதத்தில் வந்து காட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை அவரிடமே விட்டுவிட்டார்.

குட்டிக்கு மாதம் அரை, முக்கால், ஒரு மாதம் ஒன்றுமே இல்லை என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பரீட்சை வந்தது. மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை, நடக்கவில்லை. தோழிகளோடு உட்கார்ந்து படிக்கும்போது சிப்ஸ் பாக்கெட் எப்போது திறந்தது, எப்போது தீர்ந்தது என்றே தெரியவில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டியது.

நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டார். "வருத்தமா?"

"வருத்தம்தான்" என்றாள் குட்டி. "ஆனா ஏன் கூடுச்சுன்னு எனக்குத் தெரியும். முன்னாடி தெரியாது."

"உயரம் ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கே. அதையும் கணக்குல வெச்சுக்கோ. சரி, நாளையிலேர்ந்து மறுபடியும் ஆரம்பிக்கிறியா?"

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே போறேன். அடுத்த மாசத் தேதியை எழுதிக் குடுங்க."

தேதி எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா பணி முடித்துச் சீருடையோடு வாசலில் காத்திருந்தார். எவ்வளவு என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "எந்தப் பக்கம் போறோம்?" என்றார்.

"பாலத்துப் பக்கம்."

"அது சுத்து வழியாச்சே!"

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தார்.