அவிழ்க்காத கொக்கி

1

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் பேச்சு மாறக் கூடாது. மேசையின் தலைமாட்டில் துறைத்தலைவர். ஜன்னல் பக்கம் ஆய்வு மாணவி. கதவோரம், எழுந்து போக வசதியாக, அவளுடைய சித்தி. இருபது வருடமாகத் துறை ஆய்வகத்தின் உதவியாளர். நாலாவது நாற்காலி மருத்துவமனைக் குழுவுக்குப் போட்டது. குழு வரவில்லை. இந்தக் கதை அந்தக் காலி நாற்காலியிலிருந்துதான் பிறந்தது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதி அடித்தேன். "மாணவியின் கண்ணில் ஒரு கள்ளம்..." (விட்டுவிட்டேன். கண்ணிலேயே தெரியுமென்றால் நுண்ணோக்கி எதற்கு?)

விஷயம் இதுதான். புது ரத்தம் முளைப்பது குருத்தணுக்களிலிருந்து. அவற்றில் சிலவற்றின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு, சிலவற்றில் கிடையாது. உடம்பின் காவலான விழுங்கணுக்கள் புரதம் உள்ளவற்றைத் தின்றுவிடுகின்றன, இல்லாதவை தப்புகின்றன என்பது மாணவியின் கண்டுபிடிப்பு. அதை நம்பி, வரும் திங்கட்கிழமை மருத்துவமனைக் குழு, ரத்தநோய் உள்ள ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் புரதம் இல்லாதவற்றை மட்டும் ஏற்றப்போகிறது.

சித்திக்கு மனசு ஒப்பவில்லை. சோதனை முடிவு சந்தேகம் வரும் அளவுக்கு அழகாக இருந்தது. என்னைப் போலவே அவளும் முதலில் சந்தேகப்பட்டது மாணவியைத்தான்.

3

"நோட்டைக் காட்டு."

"ஏன் சித்தி, என்னைத் திருடி மாதிரி பாக்கறீங்க?"

"திருடின்னா பூட்டு உடைஞ்சிருக்கும். இங்க பூட்டும் சரியா இருக்கு, சாமானும் சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"உங்க செய்முறைக் குறிப்பைத்தான் எழுத்து மாறாம செஞ்சேன். வேணும்னா நீங்களே பாருங்க."

பார்த்தாள். புரதம் உள்ள அணுவைப் பிரித்தெடுக்க, அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை மாட்டுவார்கள். ஆய்வகத்தில் அதற்குக் கொக்கி என்று பேர். பிரித்ததும் கொக்கியை அவிழ்க்க வேண்டும். கொக்கி தொங்கும் எதுவும் விழுங்கணுவுக்கு எதிரி; தின்றுவிடும். குறிப்பில் ஐந்தாம் படி: 'அவிழ்க்கும் கரைசலில் அரை மணி நேரம்.' அதன் மேல் ஒரு பென்சில் கோடு. பக்கத்தில், 'இதில் அணுக்கள் சாகின்றன. விட்டுவிடவும்.'

கையெழுத்து சித்தியுடையது. பதினோரு வருடத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக அடித்தது.

கரைசலை நீர்க்கச் செய்து, கொக்கியை அவிழ்த்து, அவளே மறுபடி செய்துபார்த்தாள். விழுங்கணுக்கள் புரதம் உள்ளவற்றைத் தொட்டுவிட்டு விலகிப்போயின. தின்றது மற்றவற்றை. முதல் சோதனையில் கொக்கி தொங்கியவற்றின் மேலேயே பாய்ந்ததால் இவை தப்பியிருந்தன. ஓட்டுநருக்கு ஏற்றப்போவது அந்த மற்றவற்றைத்தான்.

(அடிக்குறிப்பு: இரண்டாம் பகுதியில் நானும் மாணவி மேல் ஒரு கொக்கி மாட்டினேன். அவிழ்க்காமல் விட்டிருந்தால் நீங்கள் அவளைத் தின்றிருப்பீர்கள்.)

4

இனி மேசைக்கு வரலாம்.

"ஒரே ஒரு தடவை செஞ்ச சோதனை," என்றார் துறைத்தலைவர். "நிதானமா ஒரு மாசம் கழிச்சுச் சொல்லலாமே?"

"திங்கட்கிழமை ஒரு மாசம் காத்திருக்குமா சார்?" என்றாள் சித்தி.

"குழுவுக்கு யார் தப்புன்னு எழுதுவீங்க? பொண்ணோட பட்டம் போயிடும்மா."

மாணவி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "போனா போகட்டும். அஞ்சாம் படியை எழுதுங்க சித்தி."

நான் யோசித்த ஒரு முடிவில் துறைத்தலைவர் மனம் மாறித் தொலைபேசியை எடுக்கிறார். (நானே நம்பவில்லை.) இன்னொன்றில் சித்தி பழியை மாணவி தலையில் போட்டு... (எழுதிப்பார்த்தேன். அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை.)

5

சித்தி குழுவுக்கு எழுதியது இவ்வளவுதான்: "ஐயா, திங்கட்கிழமை ஏற்றுவதை நிறுத்துங்கள். தேர்ந்தெடுத்தவை தவறான அணுக்கள். ஐந்தாம் படியை அடித்தது என் கை. அடித்த பக்கத்தையும் மறுசோதனை முடிவையும் இணைத்திருக்கிறேன்."

குழு இதைத் திங்களுக்கு முன் பிரித்துப் படித்ததா? தெரியும் என்று நான் சொன்னால் என்னைச் சந்தேகப்படுங்கள். நாலாவது நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள்; உறை உங்களுக்குத்தான் வருகிறது.

சித்தி உறையை ஒட்டிய இடத்தை விரலால் இரண்டு முறை நீவினாள். தபால் எடுத்துப்போகிறவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.