மானமுள்ள மீன்கள்

கீழ் ஏரியில் மூன்று நாளாக மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேல் ஏரியில் ஒன்றுகூடச் சாகவில்லை. கீழே நனைந்த வலை அங்கே விழாதவரை சாகாது என்பது என் கட்சி. மீன்நோய் ஆய்வகத்தில் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது என்றாலும் கட்சி உறுதியானது.

பரிசோதனைக்கு மீன் கொண்டு வந்தவர் என் சித்தப்பா. முப்பது வருடமாகக் கீழ் ஏரியில் வலை வீசுகிறவர். பெட்டியில் இருந்த இருபதும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தன. எங்கள் டாக்டரம்மா எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தார்.

"நோயே இல்லப்பா. நாலு மணிக்குள்ள வேற எதுவும் சிக்கலேன்னா ரெண்டு ஏரிக்கும் போட்ட மீன்பிடித் தடையை எடுத்துருவாங்க."

தடை போனால் படகுகள் ஈர வலையோடு நேராக மேல் ஏரிக்குத்தான் போகும். முதல் படகு சித்தப்பாவுடையது.

"சித்தப்பா, இதையெல்லாம் எப்படிப் பொறுக்குனீங்க?"

"செத்தது, புண்ணு புடிச்சது எல்லாத்தையும் தள்ளிட்டு நல்லதாப் பார்த்து எடுத்தேன். ஆபீசுக்குக் குடுக்குறது. மானம் போகக் கூடாதுல்ல?"

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அனுப்பச் சொன்னால் மனிதர் பயில்வானை அனுப்பியிருக்கிறார்.

"செத்ததும் வேணாம், அழுகிடும். சாகப் போறது வேணும். புண்ணோட, தள்ளாடிக்கிட்டு, உயிரோட" என்றேன் நான்.

"கொண்டாந்தா?"

"தடை நீளும். உங்க படகு கரையில கிடக்கும். வலை வெயில்ல காயும், அதுல ஒட்டுன நோயும் சாகும்."

"தூக்கி வளர்த்தவனுக்கே ஆப்பு வைக்கிறியேடா!"

"மேல் ஏரியும் போச்சுன்னா அடுத்த வருஷம் எங்க வீசுவீங்க? அண்டாவுலயா?"

என்னைச் செவுள் வெளுத்த மீனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியேறினார்.

மூன்றரைக்கு ஒரு வாளியோடு திரும்பினார். உள்ளே ஐந்து மீன் சாய்ந்து சாய்ந்து நீந்தின. விலாவில் பொத்தான் அகலத்துக்குச் சிவந்த புண்.

"இவ்வளவு அசிங்கமான மீனை என் ஆயுசுல யாருக்கும் குடுத்ததில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புண்ணுக்கு அடியிலிருந்த சதையைக் கிள்ளி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தோம். பூஞ்சை இழைகள் சதைக்குள் தாறுமாறாக ஓடின. நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டாக்டரம்மா போனில் தடையை நீட்டிக்கச் சொன்னார்.

சித்தப்பாவும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"சிக்கு விழுந்த வலையாட்டம் இருக்கே."

பிறகு படகுக்காரர்களுக்குப் போன் போட்டார். "எவனாவது மேல போனான், காலை உடைப்பேன். எல்லா வலையும் வெயிலுக்கு வரணும்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிளம்புடா கட்சித் தலைவரே. என் வலை நாப்பது முழம். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும்."